பங்காளி வூட்டுக் கடல்

ஆப்பிரிக்காவுக்குக் கடல் பாக்கப் போறியாமே, பேராண்டி? உங்க அப்பாயி சொன்னா. எங்க காலத்துல கல்யாணம் முடிஞ்ச கையோட வேளாங்கண்ணிக்குப் போயி, உப்புத்தண்ணியில காலை நனைச்சுட்டு, வறுத்த மீனைத் தின்னுட்டு, ராத்திரி பஸ்ஸைப் புடிச்சு வந்துட்டோம். அதுவும் சும்மா இல்ல, சொந்தக்காரங்க ஏழெட்டுப் பேரு கூடவே காவலுக்கு. உங்கப்பன் காலத்துல கொடைக்கானல். அப்புறம் கொஞ்ச நாளு மாலத்தீவு, பாலின்னாங்க. அதெல்லாம் பழசாப் போச்சாம். இப்ப மடகாஸ்கருல நோசி பேன்னு ஒரு தீவாம், செயின்ட் மேரின்னு ஒரு தீவாம், இன்னும் கூட்டம் சேரலையாம், அதனால கூட்டத்துக்கு முந்தி நீ போயிட்டு வந்துரணுமாம். போ. யாரு வேணாங்கறா? சோழிங்கநல்லூருல ராப்பகலா கம்ப்யூட்டரை மொறச்சுப் பாத்து சம்பாரிச்ச காசு. ஆனா வாலிகண்டபுரத்துக்காரன் ஒருத்தன் கடற்கரைக்குக் கெளம்புறான்னா அவனுக்கு நாலு வெவரம் தெரிஞ்சிருக்கணும். செல்லைத் தடவிக்கிட்டே கேளு, பரவால்ல. காது சும்மாதானே இருக்குது.

கடலைப் பாக்க நீ ஏரோப்பிளேனு ஏறவே வேணாம்டா. பெரம்பலூரு தாண்டி, கொளக்காநத்தத்துப் பக்கம் காரைன்னு ஒரு ஊரு. மரம் மட்டை இல்லாம, மழைத்தண்ணி அறுத்து அறுத்து, செவப்பும் சாம்பலுமா ஓடை ஓடையாக் கெடக்குற பொட்டல். ஆட்டுக்காரனைத் தவிர ஒருத்தன் போவமாட்டான். அங்க குனிஞ்சு பாத்தீன்னா சுருட்டுன கல்லு கெடக்கும், அம்மோனைட்டுங்கறாங்க. விரல் தண்டிக்கு ஒரு முனை கூரா இன்னொரு கல்லு, அது பெலம்னைட்டு. ரெண்டும் உசுரோட நீந்திக்கிட்டு இருந்த ஜீவன். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்ன அங்க அலையடிச்சிருக்குது. சாத்தனூருல 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு முழு மரம் கல்லாக் கெடக்குதே, பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாங்களே, நீ அது மேல ஏறி ஒதை வாங்குனியே, அது அந்தக் கடலோரத்துல அடிச்சுக்கிட்டு வந்து சேத்துல பொதைஞ்ச மரம். 1940-ல எம்.எஸ்.கிருஷ்ணன்னு ஜியாலஜிகல் சர்வே ஆபீசரு ஒருத்தர் அதைக் கண்டு எழுதுனாரு. அவருக்கு எம்பது வருஷம் முந்தியே பிளான்ஃபோர்டுன்னு ஒரு வெள்ளைக்காரன் இந்த மண்ணையெல்லாம் நடந்தே அளந்திருக்கான். ஸ்டோலிஸ்கான்னு இன்னொருத்தன், நம்ம கொல்லையில கெடக்குற சிப்பி நத்தையப் பத்தி தலகாணி தலகாணியா புஸ்தகம் போட்டிருக்கான்.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? காலேஜ் பசங்க சுத்தியலும் பையுமா பஸ்ஸுல வந்து எறங்குவாங்க. வாத்தியாரு நிழலு தேடி நின்னுக்கிட்டு சொல்லுவாரு, பசங்க எழுதிக்குவாங்க. அவங்களுக்குத் தண்ணிக்குடம் தூக்கிக்கிட்டுப் போனவன் நான். கூலி கம்மிதான், கேள்வி ஞானம் ஜாஸ்தி. எழுதிக்கிட்டவனுங்க பரிச்சை முடிஞ்சதும் மறந்திருப்பானுங்க. நான் பரிச்சை எழுதல, அதனால மறக்கல.

அரியலூருல தோண்டுறானே சுண்ணாம்புக்கல்லு, அதுவும் அந்தக் கடலுதான். செத்த சிப்பியும் சேறும் இறுகிக் கல்லாகி, அதை ஒடச்சு, வேகவெச்சு, அரைச்சு, மூட்டை கட்டி சிமெண்டுன்னு விக்கிறான். சென்னையில நீ வாங்குன பிளாட்டு இருக்குதே, பால்கனியில நின்னா கடல் தெரியும்னு சொல்லி அந்த பில்டரு உன்கிட்ட ரெண்டு லட்சம் கூடப் புடுங்குனானே, செவுத்துக்குள்ளயே கடல் இருக்குதுன்னு அவனுக்குத் தெரியல பாரு. தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு லட்சம் போட்டிருப்பான்.

சரி, கெழக்கால கடல். மேக்கால என்னா இருந்துச்சு? அங்கதான் உன் மடகாஸ்கரு. நம்ம மேக்குக் கரையும் அவன் கெழக்குக் கரையும் ஒட்டிக்கிட்டு ஒரே கொல்லையாக் கெடந்திருக்குது. ஏறக்குறைய 9 கோடி வருஷத்துக்கு முன்ன பாகம் பிரிஞ்சது. பங்காளிங்க பிரியறது ஒண்ணும் புதுசில்லையே. அவன் அங்கயே நின்னுட்டான். நாம வடக்க கெளம்பிப் போயி, ஆசியாக் கண்டத்துல முட்டி, இமயமலையைக் கெளப்பி விட்டுட்டோம். நம்ம வகையறாவுல யாரு சும்மா இருந்திருக்காங்க? பிரிஞ்ச பொறவும் சாடை போயிருமா? அரியலூர் மாவட்டத்து கல்லமேட்டுல ஒரு ஆமையோட எலும்பு கெடைச்சுது. 2001-ல அதுக்கு கூர்மடெமிஸ் கல்லமேடென்சிஸ்னு பேரு வெச்சாங்க. அந்த ஆமைக்கு நெருங்குன சொந்தம் எங்க கெடைச்சுதுன்னு நெனக்கிற? மடகாஸ்கருல. 2009-ல அதுக்கும் பேரு வெச்சு, ரெண்டையும் ஒரே குடும்பத்துல எழுதிப்புட்டாங்க. பாகம் பிரிஞ்சு ரெண்டு கோடி வருஷம் ஆன பொறவும் ஆமை ஒறவை விடல. நீ சித்தப்பன் வூட்டுக் கல்யாணத்துக்கு வாட்ஸப்புல கைகூப்புற படம் அனுப்புறவன்.

அதனால சொல்றேன், பங்காளி வூட்டுக்குப் போற, வெறும் கையை வீசிக்கிட்டு, அவன் திண்ணையில மல்லாந்து படுத்துட்டு, எளநீ கொண்டான்னு அதிகாரம் பண்ணிட்டு வராத. அந்தத் திண்ணை யாரு பேருல இருக்குதுன்னு மொதல்ல வெசாரி. இதைச் சொல்ல எனக்கு ரொம்பத் தகுதி இருக்குது. ஏன்னா நம்ம ஊரு ஒரு கடற்கரையையே தூக்கிக் கொடுத்த ஊரு.

திருச்சி ரோட்டுல கார்ல பறக்குறவனுக்கு வாலிகண்டபுரம்னா ஒரு பஸ் ஸ்டாப்பு. 350 வருஷத்துக்கு முன்ன வந்திருந்தா குதிரையை விட்டு எறங்கி சலாம் போட்டிருப்பான். பீஜப்பூர் சுல்தானுக்கு ஆளா ஷேர்கான் லோடின்னு ஒருத்தர், இங்க ஒக்காந்துக்கிட்டுத்தான் புதுச்சேரிக் கடற்கரை வரைக்கும் ஆண்டாரு. 1673-ல பெல்லாஞ்சே தெ லெஸ்பினேன்னு ஒரு பிரெஞ்சுக்காரன் வந்து, கடையைப் போட்டுக்க கரையோரமா கொஞ்சம் எடம் கொடுங்கன்னு கேட்டான். செஞ்சிப் பக்கத்துக்காரன் பகை லோடிக்கு இருந்துச்சு. கரையில டச்சுக்காரன் வேற மொறச்சுக்கிட்டு நின்னான். இவனும் நமக்குத் தொணையா இருக்கட்டுமேன்னு எடத்தைக் கொடுத்துட்டாரு. 1674-ல ஃபிரான்சுவா மார்ட்டின் வந்து புதுச்சேரியில ஒக்காந்தான். லோடியை 1677-ல சிவாஜி வந்து அடிச்சாரு, வாலிகண்டபுரமும் கை மாறிப்போச்சு. எடத்தைக் கொடுத்தவரு நாலே வருஷத்துல காலி. எடத்தை வாங்குனவன் 1954 வரைக்கும் எழுந்திரிக்கல.

இப்ப கேளு வேடிக்கையை. அந்த மார்ட்டின் மொதமொதல்ல ஃபிரான்சை விட்டு வந்து எறங்குனது எங்க? மடகாஸ்கருல, 1665-ல. அங்க தெக்குக் கோடியில ஃபோர்ட் டோஃபின்னு 1643-லேர்ந்து பிரெஞ்சுக்காரன் கோட்டை கட்டிக் குந்தியிருந்தான். உள்ளூர்க்காரன் தாங்குற வரைக்கும் தாங்கிட்டு ஒரு நாளு திருப்பி அடிச்சான். 1674-ல மிச்சமிருந்தவன் கப்பலேறி ஓடிட்டான். அங்க கடையைக் கட்டுன வருஷம், இங்க கடையைத் தொறந்த வருஷம், ரெண்டும் ஒண்ணு. பங்காளி வெரட்டிவிட்டவனுக்கு நாம பாயைப் போட்டிருக்கோம்.

அவன்தான் கெட்டிக்காரன்னு சந்தோசப்பட்டுக்காத. நீ போற நோசி பே கதை அதே கதை. சக்கலாவான்னு அந்தப் பக்கத்து ஆளுங்களோட ராணி சியோமெகு, சின்ன வயசுப் பொண்ணு. மலைநாட்டு மெரினா ராஜ்யத்துக்காரன் தொரத்துனதுல தீவுக்கு ஓடி வந்து, காப்பாத்துங்கன்னு பிரெஞ்சுக்காரன்கிட்ட கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டா. 1841-ல தீவு அவனுதாச்சு. அப்ப பக்கத்து ரியூனியன் தீவுல கவர்னரா இருந்தவன் அட்மிரல் தெ ஹெல். நோசி பேயில நீ எறங்குற டவுனுக்கு அவன் பேருதான், ஹெல்வில். கொடுத்தவ பேரை அந்த டவுனுக்கு வெக்கல. நம்ம லோடி பேருல மட்டும் புதுச்சேரியில பீச் ரோடா இருக்குது?

இப்பல்லாம் கோட்டை கட்டுறதில்ல. சுத்திவரக் கம்பி வேலி, ஒரு கேட்டு, கேட்டுல ஒரு யூனிபாரம். நம்ம மகாபலிபுரம் ரோட்டுலயே பாரு, கடல் செவுத்துக்கு அந்தாண்ட இருக்குது, செவுத்துக்கு இந்தாண்ட மீன்காரன் சுத்திக்கிட்டுப் போறான். நோசி பேயிலயும் ஓட்டல் மொதலாளிங்கள்ல நெறையப் பேரு பிரெஞ்சுக்காரனும் இத்தாலிக்காரனும். நீ இங்கேர்ந்தே சாப்பாடு, படகு, மசாஜு எல்லாம் சேத்து ஈரோவுல கட்டிப்புட்டுப் போனீன்னா, உன் காசு மடகாஸ்கரை எட்டிக்கூடப் பாக்காது. நேரா ஐரோப்பாவுக்குப் போயிரும். நீதான் வீணா மடகாஸ்கருக்குப் போயிருப்ப.

நம்ம ஊரு வாலீஸ்வரரைக் கும்பிட்டவன் வாலி. எதுத்தாப்புல யாரு வந்து நின்னாலும் அவன் பலத்துல பாதி வாலிக்கு வந்துரும்னு வரம். அந்த வரத்தை இப்ப டூர் ஏஜெண்டு வாங்கி வெச்சிருக்கான். நீ அவன் முன்னாடி போயி ஒக்காந்தாலே போதும், பாதி சம்பளம் அந்தப் பக்கம் போயிரும். ராமரு என்னா பண்ணாரு? மரத்துக்குப் பின்னாடி நின்னாரு. நீயும் நேர நிக்காத. டிக்கெட்டை நீயே போடு, மொத ரெண்டு ராத்திரிக்கு மட்டும் ரூமைப் போடு, மிச்சத்தை அங்க போயி விசாரிச்சுக்க. அங்கத்துக் காசு அரியாரி. நம்ம ஒத்த ரூபாய்க்கு அம்பது பக்கம் வரும். ஆயிரம் ஆயிரமா நோட்டைப் பாத்ததும் உனக்குத் தலைகால் புரியாது. பேரம் பேசு, தப்பில்ல, உங்க அப்பாயி பேரன்தானே. ஆனா பத்து ரூபாய் கொறைக்கிறதுக்காக மீன்காரன்கிட்ட அரை மணி நேரம் நின்னுட்டு, அந்தாண்ட போயி வெள்ளைக்காரன் ஓட்டல்ல ஒரு காப்பிக்கு முன்னூறு ரூபாயைச் சத்தமில்லாம வெச்சுட்டு வராத. உள்ளூர்க்காரன் படகுல போ, ரோட்டோரத்துல சோறு தின்னு, வழிகாட்டிக்கு அவன் கையிலயே கொடு.

இன்னொண்ணையும் காதுல போட்டுக்க. 2025 செப்டம்பருல அந்த நாட்டு எளவட்டமெல்லாம் ரோட்டுக்கு வந்துச்சு. எதுக்குங்கற? கொழாயில தண்ணி வரல, கரண்டு நிக்கல. அக்டோபருல ராணுவம் உள்ள பூந்து ஜனாதிபதியே நாட்டை விட்டுப் போயிட்டாரு. ஊரு கொடத்தோட நிக்கிற எடத்துல உன் ஓட்டல்காரன் கடலுக்கு முன்னாடியே ஒரு நீச்சல் கொளம் வெட்டி வெச்சிருப்பான். எதுத்தாப்புல அம்மாம் பெரிய சமுத்திரம் கெடக்க, அதுக்குப் பக்கத்துல நல்லதண்ணியில குளிக்கிறதுக்குத்தான் நீ காசு கொடுத்திருப்ப. நம்ம தெருவுல லாரித் தண்ணிக்கு நின்ன புள்ள நீ. கொஞ்சம் கூச்சப்படு, போதும்.

அந்தத் தீவுல அம்பாடுலோவாக்கான்னு ஒரு கடற்கரை. ராத்திரியில வயசான வெளிநாட்டானும் அவன் பேத்தி வயசுப் புள்ளைங்களுமா ஒக்காந்திருப்பாங்களாம். இதுல எனக்கு வேடிக்கை பேசத் தோணல. அங்க முக்கால்வாசி ஜனம் வறுமையில கெடக்குது, அதை வெச்சு நடக்குற அசிங்கம். அந்தக் கடைங்களுக்கு உன் காசு போவக்கூடாது, அவ்வளவுதான்.

எப்ப போற? அதைச் சொல்லவே இல்லையே. தை பொறந்தா வழி பொறக்கும்னு பொங்கல் லீவுல டிக்கெட்டைப் போட்டுராத. நமக்கு வழி பொறக்குற தை மாசியிலதான் அங்க புயல் பொறக்கும். பூமத்திய ரேகைக்குத் தெக்க எல்லாம் தலைகீழு. பங்குனி வரைக்கும் மழை, பாதி ரோட்டைக் காணாம அடிச்சுரும். நல்ல காலம் எதுன்னா வைகாசியிலேர்ந்து ஐப்பசி வரைக்கும். அதுலயும் செயின்ட் மேரிக்கு ஆடி மாசம்தான் விசேசம். அண்டார்டிக்கா பனிக்கடல்லேர்ந்து கூனல் திமிங்கலம் கூட்டங்கூட்டமா அந்தத் தண்ணிக்கு வரும். எதுக்கு வருது? சோடி சேர, குட்டி போட. உனக்கு வைகாசியில கல்யாணம். ஆடி ஒண்ணாந்தேதி உன் மாமியார் சீரோட வந்து பொண்ணை அழைச்சுக்கிட்டுப் போயிருவாங்க. ஆடியில சேந்தா சித்திரை வெயில்ல புள்ள பொறக்கும்னு பெரியவங்க போட்ட கட்டு. திமிங்கலத்துக்கு மாமியாரும் இல்ல, சித்திரையும் இல்ல. அது ஒரு வருஷம் சொமந்து அடுத்த ஆடிக்கு அதே தண்ணியில வந்து பெத்துப் போடும். நீ தனியாப் போயி அதுங்க சோடி சேர்றதைப் பாத்துட்டு, படம் புடிச்சு, மாமியார் வூட்டுல இருக்குற பொண்டாட்டிக்கு அனுப்பப் போறியா?

புரட்டாசியில போவலாம்ப. அங்க நண்டும் இறாலும் மலிஞ்சு கெடக்கும், உங்கம்மா போன்லயே மோப்பம் புடிச்சுருவா. ஐப்பசியில நோசி பே பக்கம் புள்ளி போட்ட பெரிய சுறா வரும். லாரி நீளம், ஆனா பல்லு படாது, மெதக்குற சின்னச் சின்னப் பூச்சியத் தின்னுக்கிட்டுப் போயிக்கிட்டே இருக்கும், பக்கத்துல நீந்தலாமாம். ஆனா ஐப்பசியில உனக்குத் தலைதீபாவளி. மோதிரம் போடுறேன்னு மாமனாரு ஒத்துக்கிட்டிருக்காரு, அதை வுட்டுட்டு சுறா பாக்கப் போறவன் என் பேரனா இருக்கமுடியாது. கணக்குப் பாத்தா மிச்சம் ஆவணி. திமிங்கலம் அப்பவும் இருக்கும், காத்தும் தணிஞ்சு வரும். என்னா, ஆவணி பூராவும் முகூர்த்தம். உன் கல்யாணத்துக்கு மொய் எழுதுனவன் வூட்டு விசேசமெல்லாம் அப்பத்தான் வரும். அதைப் பத்திக் கவலைப்படாத. மொய்க்காசை எங்கிட்டக் கொடுத்துட்டுப் போ, நான் ஒவ்வொரு வூடாப் போயி எழுதிட்டு, சாப்பிட்டுட்டு வர்றேன். பஸ்ஸு காசு தனி.

ஊசியை மறந்துறாத. சென்னையிலேர்ந்து நேரா பிளேன் கெடையாது. ஆடிஸ் அபாபா, நைரோபின்னு சுத்திக்கிட்டுப் போனா மஞ்சக்காய்ச்சல் ஊசிச் சீட்டு கேக்கலாம், திரும்பி வர்றப்ப நம்மாளும் கேக்கலாம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுல போடுறாங்க. பொறப்படறதுக்குப் பத்து நாளு முந்தியே போட்டிருக்கணும், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். மலேரியாவும் அங்க உண்டு. டாக்டரைப் பாத்து மாத்திரை எழுதி வாங்கிக்க. கொசுவலைக்கு வெக்கப்படாத.

சாப்பாட்டுக்கு நீ பயப்பட வேணாம். அவங்க மூணு வேளையும் சோறு தின்னுற ஜனம். காலையில கஞ்சியாக் கொழைச்சு, மத்தியானம் மலையாக் கொட்டி, ராத்திரி திரும்பவும். தொட்டுக்கக் கொஞ்சம் கீரையோ, மீனோ, மாட்டுக்கறியோ. சோத்துப் பானையில அடியில தீஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதுல தண்ணியை ஊத்திக் கொதிக்கவெச்சு வடிச்சுக் குடிக்கிறாங்க, ரனோவோலான்னு. இங்க உங்க அப்பாயி நீராகாரம் கொடுத்தா மூஞ்சியைச் சுளிக்கிறவன், அங்க அதை ஒரு கண்ணாடி கிளாஸுல வாங்கி, படம் எடுத்து ஊரெல்லாம் காட்டப் போற. காட்டு. அவளும் பாக்கட்டும்.

வெனிலாவைப் பத்தி மட்டும் நான் கொஞ்சம் நின்னு பேசணும், நானும் வெள்ளாமை பண்றவன். ஐஸ்கிரீமுல போடுற வெனிலா ஒலகத்துக்கு ரொம்பவும் மடகாஸ்கருலேர்ந்துதான் போகுது, வடகெழக்கு மூலையிலேர்ந்து. கொடி மெக்சிகோவுது. அங்க பூவைத் தொட்டு மகரந்தம் சேக்குற தேனீ இந்தத் தீவுங்கள்ல இல்ல, அதனால காய் புடிக்காம பூத்து உதுந்துக்கிட்டே இருந்துச்சு. 1841-ல, நோசி பே பிரெஞ்சுக்காரன் கைக்குப் போன அதே வருஷம், ரியூனியன் தீவுல எட்மண்டுன்னு ஒரு அடிமைப் பையன், பன்னெண்டு வயசு, ஒரு குச்சியால பூவுக்குள்ள இருக்குற தடுப்பைத் தூக்கி, பெருவிரலால அமுக்கி ஒட்டவெச்சுக் காட்டுனான். இன்னிக்கு வரைக்கும் அவன் காட்டுன வித்தைதான், ஒவ்வொரு பூவையும் ஒரு ஆளு கையால தொடணும், பூ ஒரே நாளுதான் விரிஞ்சிருக்கும். 2018 வாக்குல கிலோ 600 டாலருக்குப் போச்சு. வெள்ளியைவிட வெலை. கொல்லையில ராத்திரி காவல் படுத்தாங்க, திருடன் வெட்டிக்கிட்டுப் போனாலும் தெரியட்டும்னு பச்சைக் காயிலயே ஊசியால பேரைக் குத்தி வெச்சாங்க. 2023-க்கு அப்புறம் வெலை தரையில வுழுந்துச்சு. எங்கயோ கேட்ட கதையா இருக்குதா? நம்ம சின்ன வெங்காயம் நூத்தம்பதுக்குப் போனப்ப கொல்லையில படுத்தது யாரு? நான். பட்டறை போட்டு வெச்சிருந்து அது பதினஞ்சுக்கு வந்தப்ப அழுதது யாரு? அதை வுடு. அங்க சந்தையில வெனிலா வாங்குனா வெளைச்சவன் கையிலேர்ந்து வாங்கு. ஏர்போர்ட்டுல கண்ணாடிக் குழாயில போட்டு விக்கிறவன் வெளைச்சவன் இல்ல.

நோசி கோம்பான்னு பக்கத்துத் தீவுல லெமூர் வந்து தோள்ல ஒக்காருமாம், வாழைப்பழம் கொடுக்கணுமாம். வாலி கும்பிட்ட ஊருலேர்ந்து போயி காசு கொடுத்து அதைத் தோள்ல ஏத்திக்கப் போறியா? நம்ம தேவாங்குக்கு அது சொந்தம்டா, இன்னொரு பங்காளி. கடவூருல 2022-ல தேவாங்குக்குன்னே சரணாலயம் அறிவிச்சிருக்காங்க. அதையும் நீ பாத்ததில்ல. லெமூரைக் காட்டுல தூர நின்னு பாரு. பழம் கொடுத்துப் பழக்குனா கெட்டுப்போயிரும், உங்க சித்தப்பன் மகனைப் பாத்தியே.

நோசி பேயில ராணி சியோமெகு காலத்து மரம்னு ஒண்ணு இருக்குது, விழுது விட்டு ஒரு தோப்பே ஆயிருச்சாம். செருப்பைக் கழட்டிட்டு, அவங்க கொடுக்குற துணியைச் சுத்திக்கிட்டுத்தான் உள்ள வுடுவாங்க. ஊருக்கு ஊரு விலக்கு உண்டு. கல்லறையைக் கையை நீட்டிக் காட்டக்கூடாதும்பாங்க, இன்ன நாள்ல கொல்லைவேலை பாக்கக்கூடாதும்பாங்க. மூடநம்பிக்கைன்னு அங்க போயி லெக்சர் அடிக்காத. நம்ம ஐயனார் தோப்புல ஒருத்தன் செருப்போட நுழைஞ்சா நான் என்னா பண்ணுவேன்னு உனக்குத் தெரியும். செயின்ட் மேரியில கடல்கொள்ளைக்காரன் கல்லறை இருக்குதாம். கேப்டன் கிட்டுன்னு ஒருத்தன் 1698-ல கொச்சிக்கடல் பக்கம் புடிச்ச கப்பலை, பட்டும் துணியும் சர்க்கரையுமா நம்ம சரக்கோட, அங்கதான் இழுத்துக்கிட்டுப் போனான். போனாப் பாத்துட்டு வா. பாக்கி எதுவும் இருக்காது.

மொரீஷியஸ் வழியாவோ ரியூனியன் வழியாவோ போனீன்னா, அந்தக் கடலை எட்டிப் பாத்துக்க. கரும்பு வெட்டன்னு திருச்சி, தஞ்சாவூரு பக்கத்து ஜனத்தையெல்லாம் புதுச்சேரி, காரைக்கால் தொறையில கப்பலேத்தி பிரெஞ்சுக்காரன் ரியூனியனுக்குக் கொண்டுபோனான். லோடி கொடுத்த எடம் எதுக்கெல்லாம் ஆச்சு பாரு. அஞ்சு வருஷம்னு ஒப்பந்தம் போட்டுப் போனவங்கள்ல நெறையப் பேரு திரும்பல. ரியூனியன்ல இன்னமும் திரௌபதியம்மனுக்குத் தீ மிதிக்கிறாங்க. உனக்கு ரிட்டர்ன் டிக்கெட்டு இருக்குது.

கடற்கரையிலயே வெந்து கெடக்காம ரெண்டு நாளு உள்நாட்டுக்கும் போ. தலைநகரம் அண்டனநரிவோவுக்குத் தெக்க மலைமேட்டுல பெட்சிலியோன்னு ஒரு ஜனம். படிப்படியா வெட்டி நெல்லு நடுறவங்க. அவங்ககிட்ட சவிகான்னு ஒரு வெளையாட்டு. திமில் மாட்டை உள்ள வுடுவாங்க. அந்த மாட்டு ரத்தத்துல நம்ம நாட்டு மாட்டு ரத்தம் இருக்குதுன்னு ஆராய்ச்சியில கண்டிருக்காங்க. எளவட்டம் ஒருத்தன் கையில ஒண்ணுமில்லாம பாஞ்சு, திமிலைக் கட்டிப்புடிச்சுத் தொங்குவான். எம்மாம் நேரம் தொங்குறானோ அம்மாம் பேரு. பொண்ணு கொடுக்குறவன் கூட்டத்துல நின்னு பாப்பானாம். கேக்குறப்பவே எனக்குக் கை துறுதுறுங்குது.

அதை மட்டும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. நீலத் தண்ணி, சூரியன் மறையறது, நீயும் பொண்டாட்டியும் குதிக்கிறது, அதெல்லாம் உன் மாமனாருக்கு அனுப்பிக்க. எனக்கு மாடு வேணும். கொம்பு எப்படி வாங்கியிருக்குது, திமிலு எந்தப் பக்கம் சாயுது, புடிக்கிறவன் எடப்பக்கம் பாயுறானா வலப்பக்கம் பாயுறானா, எல்லாம் தெளிவாத் தெரியணும். கிட்டப் போயி எடு. ரொம்பக் கிட்டப் போவாத, இன்னும் இன்சூரன்ஸு போடலைன்னு உங்கப்பன் சொன்னான்.